மழையில் ஹெட்லைட் போடுவது உங்களுக்காக அல்ல!

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நம் ஊர் சாலைகளில் மூன்று வகையான கார் ஓட்டுநர்களைப் பார்க்கலாம்.

முதல் வகை: வானம் இருட்டிக்கொண்டு கொட்டு கொட்டென்று கொட்டினாலும், "மணி இன்னும் நாலுதானே ஆகுது" என்று ஒரு விளக்கும் போடாமல் போகிறவர்கள். இரண்டாம் வகை: நாலு தூறல் விழுந்த உடனே சிவப்பு முக்கோண பட்டனை அமுக்கி, நாலு இண்டிகேட்டரையும் மினுக்கிக்கொண்டே போகிறவர்கள். மூன்றாம் வகை: ஹை பீமைத் தட்டிவிட்டு எதிரே வருகிற அத்தனை பேரின் கண்ணையும் கூச வைத்துக்கொண்டு போகிறவர்கள்.

நாலாவதாக ஒரு வகை உண்டு. லோ பீமைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, முன்னால் போகிற வண்டிக்கு இடைவெளி விட்டுப் போகிறவர்கள். இவர்கள் சிறுபான்மையினர். இவர்களைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. மற்ற மூன்று பேரோடுதான் எனக்கு வழக்கு.

இந்த மூன்று பேரும் கெட்டவர்கள் இல்லை. பெரும்பாலும் படித்தவர்கள், குடும்பத்தோடு போகிறவர்கள். ஆனால் மூன்று பேரும் செய்கிற தவறு ஒன்றேதான். ஹெட்லைட் என்பது "நான் ரோட்டைப் பார்ப்பதற்கு" என்று நினைக்கிறார்கள். மழைப் பகலில் அது உண்மையே இல்லை. பகல் மழையில் ஹெட்லைட் போட்டாலும் உங்களுக்கு ரோடு ஒரு அடி கூடுதலாகத் தெரியப் போவதில்லை. அது மற்றவர்கள் உங்களைப் பார்ப்பதற்கு. இது புரியாதவரைக்கும் எத்தனை ஏர்பேக் உள்ள கார் வாங்கினாலும் பிரயோஜனம் இல்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் ஓடுகிற பல கார்களின் நிறம் என்ன? வெள்ளை, வெள்ளி, சாம்பல். மழை பெய்யும்போது வானத்தின் நிறம் என்ன? சாம்பல். தார் ரோட்டில் தண்ணீர் நின்றால் என்ன நிறம்? அதுவும் சாம்பல்தான். முன்னால் போகிற பஸ்ஸின் டயர் கிளப்புகிற சாரலும் அதே நிறம். இதற்கு நடுவில் விளக்கில்லாமல் வருகிற ஒரு வெள்ளி நிற காரை யார் பார்ப்பது?

காருக்குள் இருப்பவருக்கு வைப்பர் இருக்கிறது, கண்ணாடியில் படியும் ஆவியைத் துடைக்க ஏசி இருக்கிறது. அவருக்கு எல்லாம் தெரியும். எதிரே பைக்கில் வருகிறவரை நினைத்துப் பாருங்கள். ஹெல்மெட் வைசரில் வைப்பர் கிடையாது. வைசரை இறக்கினால் துளி துளியாக உலகம் கலங்கித் தெரியும், ஏற்றினால் மழை ஊசி மாதிரி கண்ணில் குத்தும். பின்னால் வருவதைப் பார்க்கிற கண்ணாடியிலும் தண்ணீர்தான். அவருக்கு உங்கள் கார் ஒரு வெளிச்சப் புள்ளியாகத் தெரிந்தால்தான் உண்டு. இல்லாவிட்டால், "ரோடு காலி" என்று நினைத்து வலது பக்கம் திரும்பிவிடுவார்.

இது கற்பனை பயம் இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். அதாவது ஒரு நாளைக்கு 49 பேர். நாடு முழுக்க இறந்தவர்களில் ஏறக்குறைய 45 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். எல்லாமே மழையாலோ விளக்காலோ நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் சாலையில் முதலில் சாகிறவர் யார் என்பதை இந்தக் கணக்கு சொல்கிறது. வைப்பர் இல்லாதவர்தான்.

கொஞ்சம் கணக்கு போடுவோம்

நான் பி.காம். படிப்பவன். கணக்கு போடாமல் எதையும் நம்ப மாட்டேன்.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர். எதிரே ஒன்று தெரிந்து, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போக சுமார் ஒன்றரை நொடி. அதற்குள்ளேயே வண்டி 33 மீட்டர் ஓடிவிடும். அதன் பிறகு நனைந்த ரோட்டில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் ஐம்பத்தைந்து மீட்டராவது வேண்டும். மொத்தம் சுமார் 90 மீட்டர். டயர் தேய்ந்திருந்தால் இன்னும் அதிகம்.

இப்போது இருவழிச் சாலையில் ஒரு கார் முந்துகிறது. எதிரே இன்னொரு கார் அதே வேகத்தில் வருகிறது. இரண்டு பேரும் மோதாமல் நிற்க வேண்டுமானால் 90ம் 90ம் சேர்த்து 180 மீட்டர் தூரத்திலேயே ஒருவரை ஒருவர் பார்த்திருக்க வேண்டும். கனமழையில் விளக்கில்லாத சாம்பல் நிற கார் 180 மீட்டரில் தெரியுமா? சத்தியமாகத் தெரியாது. விளக்கு போட்டிருந்தால், காரின் உருவம் தெரியாவிட்டாலும் "எதிரே ஏதோ வருது" என்று இரண்டு புள்ளிகளாவது தெரியும். முந்தலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க அது போதும்.

சரி, இதற்கு என்ன செலவு? சாதாரண ஹாலஜன் பல்பு ஒன்றுக்கு லோ பீமில் 55 வாட். இரண்டு பல்பு, பின் விளக்குகள் எல்லாம் சேர்த்து 120 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆல்டர்னேட்டரிலும் இன்ஜினிலும் வீணாவதையெல்லாம் சேர்த்துக் கணக்கு போட்டாலும், ஒரு மணி நேரத்துக்கு சுமார் நூறு மில்லி பெட்ரோல். பத்து ரூபாய். எல்இடி விளக்கு என்றால் அதிலும் பாதிக்குக் கீழே. டோல்கேட்டில் டீ குடிக்கிற காசு. "பேட்டரி இறங்கிடும்" என்பவர்களுக்கு: இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருக்கும். வண்டியை நிறுத்திவிட்டு விளக்கை அணைக்க மறந்தால்தான் பேட்டரி இறங்கும்.

நாலு இண்டிகேட்டர் கோஷ்டி

இவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். ஏனென்றால் ஏதோ செய்ய வேண்டும் என்று தோன்றி, தவறானதைச் செய்கிறவர்கள் இவர்கள்.

அந்த சிவப்பு முக்கோண பட்டனுக்கு ஒரே அர்த்தம்தான்: "என் வண்டி நின்றுவிட்டது, அல்லது நிற்கப் போகிறது, ஜாக்கிரதை." டயர் பஞ்சர், இன்ஜின் ரிப்பேர், முன்னால் விபத்து, இப்படிப்பட்ட நேரத்துக்கு வைத்தது. ஓடுகிற வண்டியில் அதைப் போட்டால் என்ன ஆகும்?

ஒன்று, இண்டிகேட்டர் செத்துவிடும். நாலும் மினுக்கும்போது நீங்கள் இடது பக்கம் போகிறீர்களா, வலது பக்கம் போகிறீர்களா என்று பின்னால் வருகிறவருக்கு எப்படித் தெரியும்? மழையில்தான் லேன் மாறுவது ஆபத்து. அந்த நேரத்தில்தான் நீங்கள் சொல்லாமல் மாறுகிறீர்கள்.

இரண்டு, நீங்கள் ஓடுகிறீர்களா நிற்கிறீர்களா என்பதே குழப்பம். நீங்கள் நிற்பதாக நினைத்து ஒருவர் சடாரென்று பிரேக் அடிப்பார். அல்லது, எல்லாரும் மினுக்குகிறார்களே என்று பழகிப்போய், உண்மையிலேயே நின்றுபோன வண்டியையும் ஓடுகிற வண்டி என்று நினைத்துப் போய் இடிப்பார். புலி வருது கதைதான்.

மூன்று, மினுக்குகிற மஞ்சள் விளக்கின் நடுவில் பிரேக் விளக்கு எடுபடாது.

இங்கிலாந்தின் சாலை விதிப் புத்தகத்தில் இதைத் தெளிவாக எழுதியே வைத்திருக்கிறார்கள். ஓடுகிற வண்டியில் இதைப் போடக் கூடாது. விரைவுச் சாலையில் முன்னால் தடையோ ஆபத்தோ இருந்தால், பின்னால் வருகிறவர்களை எச்சரிக்க மட்டும் கொஞ்ச நேரம் போடலாம். "மழை பெய்தால் போடு" என்று அதில் எங்கும் இல்லை.

இதில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? உண்மையிலேயே அந்த விளக்கு தேவைப்படுகிற வண்டியில் அது எரிவதே இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் பாதி ரோட்டை அடைத்து நிறுத்தியிருக்கிற லாரியைப் பாருங்கள். பின்னால் ஒரு விளக்கும் இருக்காது. பிரதிபலிக்கிற ஸ்டிக்கர் மேல் சேறு அப்பியிருக்கும். ஒரு மரக்கிளையை ஒடித்துப் பின்னால் வைத்திருப்பார்கள், நாலு கல்லை வைத்திருப்பார்கள். ஓடுகிற கார் மினுக்குகிறது, நிற்கிற லாரி இருட்டில் கிடக்கிறது. எல்லாமே தலைகீழ்.

ஹை பீம் ஹீரோக்கள்

அடுத்து நம் ஹை பீம் அன்பர்கள். "வெளிச்சம் அதிகமானால் நல்லதுதானே?" என்கிறார்கள். மழைக்கும் பனிமூட்டத்துக்கும் இது பொருந்தாது. பனிமூட்டம் என்பது காற்றில் மிதக்கிற கோடிக்கணக்கான நுண்ணிய நீர்த்துளிகள். ஹை பீம் அந்தத் துளிகளில் பட்டுச் சிதறி உங்கள் கண்ணுக்கே திரும்பி வருகிறது. முன்னால் வெள்ளைச் சுவர் எழுப்பிய மாதிரி இருக்கும். லோ பீம் கீழ்நோக்கி அடிப்பதால் அந்தச் சுவரின் உயரம் குறையும், ரோட்டின் கோடு தெரியும்.

நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு: மஞ்சள் விளக்கு பனியைத் துளைத்துக்கொண்டு போகுமாம். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. அதனால் அது மஞ்சள், வெள்ளை என்று பேதம் பார்க்காமல் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். பனி விளக்கு வேலை செய்வதற்குக் காரணம் அதன் நிறம் இல்லை, அது பம்பருக்கு அருகில் தாழ்வாக இருப்பதும், அகலமாக, மேலே ஏறாமல் தட்டையாக வெளிச்சம் அடிப்பதும்தான். அந்த விளக்கை மேல்நோக்கித் திருப்பி மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் அது எதற்கு என்றே தெரியாமல் காசு கொடுத்திருக்கிறார்கள்.

அதைவிட மோசம், ஹாலஜனுக்காகச் செய்த ஹெட்லைட்டுக்குள் கடையில் வாங்கிய எல்இடி பல்பைத் திணிப்பது. அந்தக் கண்ணாடியும் பிரதிபலிப்பானும் ஹாலஜன் இழை எரிகிற இடத்தைக் கணக்கு வைத்துச் செய்தவை. வேறு பல்பைப் போட்டால் லோ பீமே நாலா பக்கமும் சிதறி ஹை பீம் மாதிரி ஆகிவிடும். ஓட்டுகிறவர் "சூப்பரா இருக்கு மச்சி" என்பார். எதிரே வருகிறவர் ஒரு நொடி குருடு. அந்த ஒரு நொடியில் 22 மீட்டர்!

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுகிற சாலை, நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஆழியாறு வால்பாறை சாலை, கொடைக்கானல் மலைச்சாலை, எல்லாவற்றிலும் மேகம் திடீரென்று இறங்கும். அங்கே வருடம் முழுக்க ஓட்டுகிற பஸ் டிரைவர்கள் டிம்மில்தான் வருவார்கள். வளைவில் ஹாரன் அடிப்பார்கள், ஏறுகிற வண்டிக்கு வழி விடுவார்கள். ஹை பீமில் வருவது பெரும்பாலும் வார இறுதியில் ஏறி வருகிற நம் சமவெளிக்காரர்கள்தான்.

மலையில் மட்டும்தான் பனி என்றும் நினைக்க வேண்டாம். மார்கழி அதிகாலையில் விழுப்புரம் பக்கம் வயல்வெளி ஓரமாகப் போய்ப் பாருங்கள். போகி அன்று சென்னையைப் பாருங்கள். 2018 போகியில் எழுந்த புகையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திண்டாடின. விமானத்துக்கே அந்தக் கதி. அதே புகையில் கிண்டி வழியாக விளக்கில்லாமல் கார் ஓட்டுகிறவரை என்னவென்று சொல்வது?

"என் வண்டியில்தான் டிஆர்எல் இருக்கே!"

இது புதுக் கார் வாங்கியவர்களின் வாதம். டிஆர்எல் என்பது பகலில் தானாக எரிகிற முன்பக்க விளக்கு. பார்க்க அழகாகப் புருவம் மாதிரி இருக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் பெரும்பாலான கார்களில் டிஆர்எல் எரியும்போது பின் விளக்கு எரியாது. முன்னாலிருந்து பார்த்தால் நீங்கள் தெரிவீர்கள். பின்னால் வருகிற லாரிக்குத் தெரிய மாட்டீர்கள். மழையில் பின்னாலிருந்து இடி வாங்குவதற்கு இதுவே வழி.

இன்னொரு கண்ணி: இப்போதைய கார்களில் டேஷ்போர்டு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கிறது. பழைய வண்டியில் விளக்கு போடாவிட்டால் மீட்டரும் இருட்டாக இருக்கும், உடனே ஞாபகம் வரும். இப்போது உள்ளே ஜகஜோதி, வெளியே இருட்டு. "ஆட்டோ" என்று ஸ்விட்சைத் திருப்பி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த சென்சார் அளப்பது வெளிச்சத்தை. பகல் மழையிலும் வெள்ளைப் பனியிலும் வெளிச்சம் போதும் என்று அது முடிவு செய்துவிடலாம். ஸ்விட்சைக் கையால் திருப்புங்கள். ஒரு நொடி வேலை.

சட்டம் இல்லையா?

இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 105வது விதி. சூரியன் மறைந்து அரை மணி கழித்து மட்டும் அல்ல, போதிய வெளிச்சம் இல்லாத எந்த நேரத்திலும் விளக்கு எரிய வேண்டும், அதுவும் 155 மீட்டர் முன்னால் இருக்கிற ஆளும் வண்டியும் தெளிவாகத் தெரிகிற அளவுக்கு, என்று சொல்கிறது. "மணி நாலுதானே" என்பவர்களின் வாதம் அங்கேயே அடிபட்டுப் போகிறது. தனியாக அபராதம் சொல்லாத விதிமீறல்களுக்கான 177வது பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கு 500 ரூபாய் வரை உண்டு. மழைப் பகலில் விளக்கு போடாததற்காக ஒருவரையாவது நிறுத்தியதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

மற்ற நாடுகளில் இது பழைய கதை. சுவீடன் 1977லேயே பகலிலும் விளக்கு கட்டாயம் என்று ஆக்கிவிட்டது. அமெரிக்காவில் நியூயார்க், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் விதி ரொம்ப எளிது: வைப்பர் ஓடினால் ஹெட்லைட் எரிய வேண்டும். மீட்டர் கணக்கெல்லாம் ஞாபகம் வைக்க வேண்டாம். வைப்பர் போட்டாயா, லைட்டைப் போடு. அவ்வளவுதான்.

நம் நாட்டிலும் பாதி வேலை நடந்திருக்கிறது. 2017 ஏப்ரல் முதல் வருகிற இருசக்கர வாகனங்களில் இன்ஜினை ஸ்டார்ட் செய்தாலே ஹெட்லைட் எரியும், அணைக்க முடியாது. ஆரம்பத்தில் வழியெல்லாம் ஆட்கள் விரல்களைக் குவித்துக் குவித்து விரித்து "லைட் எரியுது" என்று சைகை காட்டினார்கள். நம் மக்கள் எவ்வளவு அக்கறையானவர்கள்! பகலில் விளக்கு எரிந்தால் தெரியாத ஆளுக்குக்கூடச் சொல்கிறோம். மழையில் விளக்கு எரியாத காருக்குத்தான் யாரும் சைகை காட்டுவதில்லை.

நான் கார் கற்றுக்கொண்ட ஓட்டுநர் பள்ளியில் இருபது நாளும் கிளட்ச், கியர், ரிவர்ஸ் மட்டும்தான். ஹெச் போடுவது எப்படி என்பதற்கு ஐந்து நாள். விளக்கு ஸ்விட்சைத் தொடக்கூட இல்லை. கேட்டதற்கு, "அதெல்லாம் டெஸ்ட்ல வராது தம்பி" என்றார் மாஸ்டர். அவர் சொன்னது உண்மைதான். டெஸ்டிலும் வரவில்லை. வராததை யார் படிப்பார்கள்? நம் கல்லூரியிலும் அதே நிலைமைதானே!

இது பொருளாதாரப் பிரச்சினை

எனக்குத் தெரிந்த பாடத்தில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. ஒரு காரியத்தின் செலவு ஒருவருக்கும் பலன் இன்னொருவருக்கும் போனால், அந்தக் காரியம் தேவையைவிடக் குறைவாகவே நடக்கும். விளக்கைப் போடுகிற சிரமம் கார்காரருக்கு. முதல் பலன் எதிரே வருகிற பைக்காரருக்கு, ரோட்டைக் கடக்கிற பாட்டிக்கு. அதனால்தான் "எனக்கு ரோடு தெரியுதே" என்று விட்டுவிடுகிறார்கள். இந்த மாதிரி இடத்தில் நல்ல மனதை மட்டும் நம்பி இருக்க முடியாது. விதியும், அதைக் கேட்கிற ஆளும் வேண்டும்.

ஆகவே, கேட்பது இவ்வளவுதான்:

1. வைப்பர் ஓடினால் லோ பீம். பகலோ இரவோ.
2. வண்டி ஓடும்போது நாலு இண்டிகேட்டர் வேண்டாம். முன்னால் பார்க்கவே முடியாத மழையா? சாலையை விட்டு முழுதாக ஒதுங்கி நிறுத்துங்கள், அப்போது போடுங்கள்.
3. மழையிலும் பனியிலும் ஹை பீம் வேண்டவே வேண்டாம்.
4. பின்பக்கப் பனி விளக்கு இருந்தால் பனி விலகியதும் அணையுங்கள். அது பிரேக் விளக்கு அளவுக்குப் பிரகாசம், பின்னால் வருகிறவரைக் குழப்பும்.
5. ஐப்பசி பிறக்கும் முன் ஒரு தடவை வண்டியைச் சுற்றி வந்து எல்லா விளக்கும் எரிகிறதா என்று பாருங்கள். ஒற்றைக் கண்ணோடு வருகிற லாரியை பைக் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம்.
6. அரசுக்கு: ஓட்டுநர் தேர்வில் விளக்குக்கு ஒரு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். இருசக்கர வாகனத்துக்குச் செய்ததைக் காருக்கும், பின் விளக்கையும் சேர்த்து, செய்யுங்கள். ஹெல்மெட் போடாதவரைப் பிடிக்கிற அதே சோதனையில் நிற்கிற லாரியின் பின்பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள்.

"இதெல்லாம் நம்ம ஊர்ல நடக்குமா?" என்று கேட்பீர்கள். காரில் சீட் பெல்ட் போடுகிறவரை "என்ன பயமா?" என்று கேலி செய்த காலமும் இதே ஊரில் இருந்தது. அதை மாற்ற சட்டமும் அபராதமும் வேண்டியிருந்தன, வருடக்கணக்கில் ஆனது. மழை விளக்குக்கு அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. புது சாமான் எதுவும் வாங்க வேண்டாம், ஸ்விட்ச் ஏற்கெனவே உங்கள் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது.

அடுத்த மழைக்கு உங்கள் அப்பாவோ சித்தப்பாவோ மாமாவோ காரை எடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். "எனக்குத் தெரியுதுடா" என்பார்கள். "எதிர்ல வர்றவனுக்குத் தெரியணும்ப்பா" என்று சொல்லுங்கள்.